அடுப்பு எரியலாம், குளியல் கூடாது

யூதர்களின் மதச் சட்டம் என்று பேச்செடுத்தாலே, "சபாத் என்கிற வார ஓய்வு நாளில் விளக்கு சுவிட்சைக்கூடப் போடமாட்டார்களாமே" என்று சிரிக்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களிடம் நான் சிபாரிசு செய்வது வெந்நீர் விவகாரத்தை. திருநாளன்று வெந்நீரில் குளிக்கலாமா என்ற ஒற்றைக் கேள்வியை இரண்டாயிரம் ஆண்டுகளாக விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிக்க நினைத்துப் படிக்கத் தொடங்கினாலும் பாதி வழியில் நாமும் ஒரு கட்சி சேர்ந்துவிடுவோம். நான் சேர்ந்துவிட்டேன்.

முதலில் ஒரு வேறுபாடு. சபாத்தில் சமையலே கிடையாது. பஸ்கா, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை, புத்தாண்டான ரோஷ் ஹஷானா ஆகிய திருநாள்களில் அப்படி இல்லை. அவரவர் உண்பதற்கு வேண்டியதை மட்டும் அன்று செய்துகொள்ளலாம் என்கிறது யாத்திராகமம் 12:16. புதிதாக நெருப்பு உண்டாக்கக் கூடாது. ஏற்கெனவே எரிகிற நெருப்பிலிருந்து பற்றவைத்து அன்றைக்கே சமைக்கலாம். (உபவாச நாளான யோம் கிப்பூர் இந்தக் கணக்கில் சேராது. அன்று சோறும் இல்லை, குளியலும் இல்லை.) ஆக, குடிப்பதற்கு வெந்நீர் போடலாம். அதே பானைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளலாமா?

வாய்வழிச் சட்டங்களின் முதல் பெரும் தொகுப்பான மிஷ்னாவின் காலத்திலேயே இதற்கு இரண்டு பதில்கள். குடிக்கவும் ஆகிற தண்ணீராக இருந்தாலொழியக் கால் கழுவுவதற்காகச் சுடவைக்காதே என்றது அறிஞர் ஷம்மாயின் பள்ளி. சுடவைக்கலாம் என்றது ஹில்லேலின் பள்ளி. ஹில்லேல் பக்கமே சட்டம் நின்றது. முகம், கை, கால் கழுவ வெந்நீர் போடுவதில் பிரச்சினை தீர்ந்தது. முழு உடம்புக்குத்தான் தடை. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்றை எனக்குப் பிடிக்கவே இல்லை, மற்றொன்றை மிகவும் பிடித்திருக்கிறது.

பிடிக்காததை முதலில் சொல்கிறேன். மிஷ்னாவை விவாதிக்கும் பெருநூலான தல்மூத்தின் சபாத் பகுதியில் அந்தக் கதை வருகிறது. சபாத்தைப் பற்றிய கதைதான், ஆனால் திருநாள் தடைக்கும் இதையே காரணமாகக் காட்டுகிறார்கள். ஆரம்பத்தில், சபாத்துக்கு முந்தின நாளே சுடவைத்த தண்ணீரில் மக்கள் சபாத்தன்று குளித்துவந்தார்கள். பொதுக் குளியல் கூடம் நடத்தியவர்கள் சபாத் அன்றே தண்ணீரைக் காய்ச்சிவிட்டு, "நேற்றே காய்ச்சியது" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அறிஞர்கள் வெந்நீரைத் தடை செய்தார்கள். கூடத்து வெக்கையில் உட்கார்ந்து வியர்க்க மட்டும் விட்டார்கள். மக்கள் வெந்நீரில் குளித்துவிட்டு "வியர்க்கத்தான் வந்தோம்" என்றார்கள். வியர்வைக் குளியலுக்கும் தடை வந்தது. திபேரியாவில் இயற்கையாகவே கொதித்து வரும் ஊற்று நீர் மட்டும் பாக்கி. நெருப்பில் காய்ச்சிய நீரில் குளித்துவிட்டு "திபேரியா நீர்" என்றார்கள். அதற்கும் தடை. கடைசியில் பச்சைத் தண்ணீர் ஒன்றுதான் மிஞ்சியது.

கூடத்துக்காரன் செய்த தில்லுமுல்லுக்கு ஊரே குளிரில் நடுங்க வேண்டியதாயிற்று. ஒருவன் ஏமாற்றினான் என்பதற்காக ஒழுங்காக இருந்தவனையும் சேர்த்துக் கட்டுகிற சட்டத்தை நான் எங்கே பார்த்தாலும் எரிச்சல் அடைகிறேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை. இந்தத் தடை நிலைக்காது என்று கண்டபோது அறிஞர்கள் திபேரியா ஊற்று நீரைத் திரும்பவும் அனுமதித்தார்கள் என்று தல்மூத் எழுதிவைத்திருக்கிறது. வியர்வைக்கு இட்ட தடை மட்டும் அப்படியே நின்றதாம். "மக்களால் தாங்க முடியவில்லை, இறங்கி வந்தோம்" என்று தங்கள் நூலிலேயே பதிந்துவைக்கிற சட்டக்காரர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

அதே பக்கத்தில் இன்னொரு சம்பவம். பெனே பெராக் ஊரின் குளியல் கூடத்தில் திருநாளுக்கு முந்தின நாளே துவாரங்களை அடைத்து வெக்கையை உள்ளே பிடித்துவைத்திருக்கிறார்கள். மறுநாள் ரபி எலெயாசார் பென் அசரியாவும் ரபி அகிவாவும் போய் உட்கார்ந்து வியர்த்துவிட்டு, வெளி அறைக்கு வந்து உடம்பை அலசிக்கொண்டார்கள். கூடத்து வெந்நீரைப் பலகைகள் போட்டு மூடியிருந்தார்கள். செய்தி மற்ற அறிஞர்களுக்குப் போனபோது, பலகை போடாவிட்டாலும் தவறில்லை என்றுதான் சொன்னார்களாம். மீறுகிறவர்கள் பெருகிய பிறகே தடுக்கத் தொடங்கினார்கள். பெரிய நகரங்களின் குளியல் கூடத்தில் சும்மா உலாவி வரலாம், வியர்த்தாலும் கவலையில்லை என்றும் அங்கேயே ஒரு வரி இருக்கிறது. உலாவத்தான் போனேன் என்று சொல்லிக்கொண்டு எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இனி எனக்குப் பிடித்த காரணம். உணவுக்காகத் திறந்த கதவு எதுவரை திறக்கும் என்று தல்மூத் கேட்கிறது. தணலில் சாம்பிராணி போன்ற வாசனைப் பொருளைத் தூவி அறையை மணக்க வைப்பதும் இன்பம்தானே, அதையும் அனுமதிப்போமா? மாட்டோம் என்பது பதில். எல்லோருக்கும் சமமான தேவையாக இருந்தால்தான் திருநாளில் அதற்கு நெருப்பைப் பயன்படுத்தலாம்; வாசனைப் புகை வசதி படைத்தவர்களின் ஆசை. இதே அளவுகோலைத்தான் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் பிரான்ஸ், ஜெர்மனிப் பக்கத்து உரையாசிரியர்களான தோசஃபோத் குழுவினர் குளியலுக்கும் வைத்தார்கள். முகம் கழுவுவது எல்லோருக்கும் உண்டு; முழு உடம்புக்கும் வெந்நீர் என்பது செல்லமாக வளர்ந்தவர்களின் பழக்கம், ஆகவே கூடாது. பணக்காரனின் சுகத்துக்குத் திருநாளில் விதிவிலக்கு இல்லை என்கிற இந்த நியாயத்துக்கு நான் இரண்டு கையையும் தூக்குவேன்.

ஆனால் அந்த நியாயத்தை இன்றைக்கும் நேர்மையாகப் பொருத்த வேண்டாமா? இன்று எருசலேமிலோ நியூயார்க்கிலோ தினமும் ஷவரில் நிற்பவன் செல்லப்பிள்ளை அல்ல. பஸ் ஓட்டுநர், பள்ளி ஆசிரியை, வீட்டோடு இருக்கும் தாத்தா எல்லோரும் குளிக்கிறார்கள். குளிக்காதவன்தான் இன்று விதிவிலக்கு. இந்தக் கோணத்தில் யோசித்த ரபிகளும் இருக்கிறார்கள். அப்படியானால் முழுக் குளியலும் எல்லோருக்கும் சமமான தேவையாகிவிட்டது என்றுதான் கணக்கு வர வேண்டும்.

இங்கேதான் முதல் காரணம் குறுக்கே வந்து நிற்கிறது. 12-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் தடையை விளக்குவது குளியல் கூடத்தை வைத்துத்தான். அந்தக் கூடத்துக்காரர்கள் மண்ணோடு மண்ணாகிப் பல நூற்றாண்டு ஆகிவிட்டதே என்றால், அறிஞர் அவை போட்ட தடை காரணம் போனாலும் தானாகப் போகாது, இன்னொரு அவை கூடித்தான் நீக்க வேண்டும் என்பார்கள். சட்டம் தெரிந்தவர்கள் சொல்லும் வலுவான வாதம்தான் இது, மறுக்கவில்லை. அதே மைமோனிடிஸ் திருநாளுக்கு முந்தின நாளே சுடவைத்த நீரில் முழு உடம்பையும் கழுவலாம் என்கிறாரே, அதையாவது கேட்கலாம் அல்லவா?

கேட்டவர்கள் உண்டு. 1565-இல் வெனிஸில் அச்சான தன் சட்டத் தொகுப்பில் யோசேப் காரோ அந்த அனுமதியைத் தருகிறார், குளியல் கூடத்துக்கு வெளியே என்ற நிபந்தனையோடு. கிராக்கோவில் இருந்த மோசே இஸ்ஸெர்லெஸ் அதற்குக் குறிப்பு எழுதும்போது, எல்லா வகையிலும் கூடாது என்போரும் உண்டு, எங்கள் வழக்கமும் அதுவே என்றார். குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டார். அன்றிலிருந்து காரோவைப் பின்பற்றும் செபர்தி (ஸ்பெயின் மரபு யூதர்) வீடுகளுக்கு ஒரு வழி, இஸ்ஸெர்லெஸைப் பின்பற்றும் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்) வீடுகளுக்கு ஒரு வழி.

குழாய் வந்த பிறகு சிக்கல் இன்னும் நுணுக்கமாகிவிட்டது. வெந்நீர்க் குழாயைத் திறந்தால் வெளியேறிய அளவுக்குப் பச்சைத் தண்ணீர் தொட்டிக்குள் புகுந்து சூடாகிறது. சபாத்தில் அது சமைப்பதற்குச் சமம். இஸ்ரேலில் 1980-இல் புதிய குடியிருப்புகளுக்குச் சூரிய வெந்நீர்க் கருவி கட்டாயமாக்கப்பட்டதால், வெயிலில் சூடான நீர் நெருப்பில் சூடான நீராகுமா என்று தனியாக ஒரு விவாதம். இஸ்ரேலின் செபர்தி தலைமை ரபியாக இருந்த ஓவாதியா யோசேப் அதை இலகுவாகப் பார்த்தார், வேறு பலர் ஒப்பவில்லை.

ரோஷ் ஹஷானா வியாழன், வெள்ளியில் வந்து பின்னாலேயே சபாத்தும் ஒட்டிக்கொண்டால் மூன்று நாள். செப்டம்பர் மாத டெல் அவிவ் புழுக்கத்தில் மூன்று நாள் முகம், கை, காலோடு நிறுத்திக்கொண்டு ஜெப ஆலயத்தில் தோளோடு தோள் உரசி நிற்பதைத் திருநாளுக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குச் சொல்லவராது. உடல் அவதிப்படுகிறவர் முன்பே சூடான நீரில் குளிக்கலாம் என்று 19-ஆம் நூற்றாண்டு ரபி அகிவா ஐகர் சொன்னது சபாத்துக்கே பொருந்தும். பலர் இன்று அந்த வழியில்தான் குளிக்கிறார்கள். வழக்கத்தை விடமாட்டேன் என்கிறவர்கள் விட வேண்டாம், அது அவர்கள் பாட்டன் சொத்து. வீட்டுப் பிள்ளை "ஏன் கூடாது" என்று கேட்டால் மட்டும் "சட்டம்" என்று வாயை அடைக்காமல், கூடத்துக்காரர்களின் கதையை முழுதாகச் சொல்லட்டும், அறிஞர்கள் இறங்கிவந்த வரியையும் சேர்த்து.