497-ஐ ஒருமுறை முழுதாகப் படியுங்கள்

‘2018 தீர்ப்பு வந்த பிறகுதான் தம்பதியர் மனமொத்து இணை மாற்றிக்கொள்வது இந்தியாவில் குற்றமில்லை என்றானது’ என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தவறு. அது அதற்கு முன்பும், அந்தத் தீர்ப்பு ரத்து செய்த 497-ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்ததில்லை.

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 497: பிறன் மனைவியோடு, ‘அந்தக் கணவனின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல்’ உறவுகொள்ளும் ஆணுக்கு ஐந்தாண்டு வரை சிறை. கணவன் சரி என்றால் வழக்கே இல்லை. மனைவி சரி என்றாளா? அதை அந்தப் பிரிவு கேட்கவே இல்லை. மனைவியைக் கணவனின் உடைமைபோல நடத்துகிறது என்பதால்தான் ஜோசப் ஷைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 27.9.2018 அன்று அதை ரத்து செய்தது. இணை மாற்றத்துக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பதற்காக அல்ல.

இதை விரும்பி ஏற்கும் தம்பதியர் அன்பு வற்றியவர்கள் என்று நானும் சொல்லமாட்டேன். ஒளிவுமறைவில்லாத புது அனுபவம், பொய் சொல்லத் தேவையில்லாத நிம்மதி என்று அவர்கள் காரணம் சொல்கிறார்கள். அது அவர்கள் பாடு. ஆனால் ‘மனமொத்து’ என்ற சொல்லை இருவருக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். 2022 ஜனவரியில் கோட்டயம் மாவட்டம் கருகச்சாலில், கணவர் தன்னை மற்றவர்களோடு கட்டாயப்படுத்தினார் என்று ஒரு பெண் புகார் கொடுத்தார், கைதுகள் நடந்தன. செய்தித் தலைப்புகளோ அதையும் ‘மனைவி மாற்றம்’ என்றே போட்டன. புகாரில் இருந்தது வன்புணர்வு.

இன்னொன்று: பிறருடன் உறவு என்பது இன்றும் விவாகரத்துக்குக் காரணம்தான். ஆனால் அதற்கு உடந்தையாக இருந்தவர் அதையே காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க இந்துத் திருமணச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடம் தருவதில்லை.