மாணவர் மன்றத்தில் மாணவர்களுக்கு நன்றியுரை மட்டும்தானா?

போன வாரம் நம் ஊர் அரசுக் கலைக் கல்லூரியில் நடந்த மன்றங்கள் தொடக்க விழாக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முழுக்கதையையும் மறுபடி எழுத எனக்கு மனமில்லை. பொன்னாடைக்கு நேரம் இருந்தது. நினைவுப் பரிசுக்கு நேரம் இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் மற்றவரைப் புகழவும் நேரம் இருந்தது. தமிழ் மன்றச் செயலாளரான அந்தப் பெண் தாளைப் பிரித்து நான்கு வரி பேசுவதற்குள் மட்டும் நேரம் போய்விட்டதாம். ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு நாட்டுப்பண் பாடச் சொல்லிவிட்டார்கள்.

"ஒரு நன்றியுரைக்கு ஏன் இவ்வளவு கோபம், தங்கச்சி?" என்று நான் மதிக்கும் அண்ணன் ஒருவர் கேட்டார். அண்ணே, அது நன்றியுரை என்பதுதான் என் கோபமே. தமிழ் மன்றம், நுண்கலை மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், செஞ்சிலுவைச் சங்கம் என்று அத்தனை பெயர்களையும் பதாகையில் அச்சடித்துவிட்டு, மாணவர்களுக்கு ஒதுக்கியது தமிழ்த்தாய் வாழ்த்தும் கடைசியில் நன்றியும்தான். நடுவில் இருந்த எல்லாமே பெரியவர்களுடையது. மன்றம் மாணவர்களுடையது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

நான் படித்ததும் ஓர் அரசுக் கல்லூரியில்தான். இரண்டாம் ஆண்டில் தமிழ் மன்றச் செயலாளராக இருந்தேன். ஆண்டு விழாவுக்கு மைக் செட் பேச வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெரியவர்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லும்மா" என்றார். பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த எங்கள் பேராசிரியர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "செயலாளர் அவர்தான். முன்பணமும் அவரிடம்தான். அவரிடமே பேசுங்கள்" என்றார். அதுவரை அப்பாவின் வயதில் இருந்த ஒருவரிடம் நான் பேரம் பேசியதே இல்லை. அன்று பேசினேன். இரண்டு ஒலிபெருக்கி போதும், கூம்பு வேண்டாம், வண்டி வாடகை தனியாகத் தரமாட்டோம் என்று சொல்லி ரசீதும் வாங்கினேன். விழா முடிந்ததும் பேராசிரியர் கணக்கு நோட்டை வரி வரியாகப் பார்த்தார். பூமாலைச் செலவுக்கு ரசீது இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பூக்கடைக்குப் போய் எழுதி வாங்கி வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

பட்டம் எனக்கு வேலைக்கான தகுதியைக் கொடுத்தது. அந்த வேலையில் நாலு பேர் எதிரில் நிமிர்ந்து உட்காரும் துணிவை அந்த நோட்டுதான் கொடுத்தது. இதை மிகையென்று நினைப்பவர்கள் வீட்டில் எல்லோரும் படித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான்.

"படிக்க வந்தவர்களுக்கு மன்றம் எதற்கு?" என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் பிள்ளையைச் சேர்த்திருக்கும் தனியார் கல்லூரியின் கையேட்டில் மன்றங்களின் பட்டியலைப் பார்த்துத்தானே பெருமைப்பட்டீர்கள்? அங்கே அது ஆளுமை வளர்ச்சி, இங்கே மட்டும் நேர விரயமா? அரசுக் கல்லூரிப் பிள்ளை காலைப் பணிமுறை முடிந்து வெளியே வரும்போதே அடுத்த பணிமுறை மாணவர்கள் வகுப்பு வாசலில் காத்து நிற்கிறார்கள். இவன் ஜவுளிக்கடைக்கோ கைப்பேசிக் கடைக்கோ ஓட வேண்டும். அவள் கட்டணமில்லா நகரப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் அடுத்த பேருந்துக்குச் சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டும். "வகுப்பு முடிந்த பிறகு மன்றக் கூட்டம்" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் யார் வருவார்கள்? பிறகு "மாணவர்களுக்கு ஆர்வமே இல்லை" என்று பழியையும் அவர்கள் தலையிலேயே போடுவது எந்த ஊர் நியாயம்?

ஆசிரியர்களுக்கு வேலைச் சுமை என்பது உண்மை. கௌரவ விரிவுரையாளர்கள் என்ன சம்பளத்துக்கு எவ்வளவு உழைக்கிறார்கள் என்று தெரியும். அதனால்தான் சொல்கிறேன், பொறுப்பை மாணவர்களிடம் கொடுங்கள். சுமை குறையும். ஆனால் மன்றங்கள் இப்போது எதற்காக நடக்கின்றன? கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு தரும் நாக் அமைப்புக்குக் காட்ட, மாணவர் ஆதரவு பற்றிய கோப்பில் வைக்க, இடமும் தேதியும் பதிந்த புகைப்படம் வேண்டும். படம் எடுத்ததும் மன்றம் முடிந்தது. அந்தப் பெண் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய உரைக்குக் கோப்பில் இடமில்லை.

அடுத்து வருவதுதான் எனக்குப் பொறுக்க முடியாத வாதம். "மாணவர்களிடம் விட்டால் அரசியல் புகுந்துவிடும், சாதி புகுந்துவிடும், அடிதடி வரும்." புகாமல் இருப்பதற்குத்தானே விதிகள்? கல்லூரி மாணவர் தேர்தல்களை எப்படி நடத்துவது என்று ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. வேட்பாளருக்கு 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும், 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது, கல்வியாண்டு தொடங்கி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. நம் கல்லூரியில் கடைசியாக எப்போது தேர்தல் நடந்தது என்று கேட்டால் அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இப்போதைய செயலாளர்களையெல்லாம் துறைத்தலைவர்கள்தான் நியமித்திருக்கிறார்கள். நியமித்தவர்களே பேசவிடவும் இல்லை.

நம் மாநிலத்தில் 21 வயது நிறைந்தவர் ஊராட்சி மன்றத் தலைவராகலாம். காசோலையில் கையெழுத்துப் போடலாம், கிராம சபையைக் கூட்டலாம். அதே வயதில் முதுகலை படிக்கிறவரை நம்பி ஒரு கவியரங்கத்தை ஒப்படைக்க இவர்களுக்குப் பயம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969இலிருந்து இருக்கிறது. ஏழு நாள் சிறப்பு முகாமில் கிராமத்துப் பள்ளியில் தங்கி, சமைத்து, தெருத்தெருவாகக் கணக்கெடுப்பது இதே பிள்ளைகள்தானே? குளம் தூர்வார மட்டும் அவர்கள் பொறுப்பானவர்கள், மேடையேறினால் சிறுபிள்ளைகளா? 1965இல் இந்தி எதிர்ப்பில் முன்னால் நின்றவர்கள் மாணவர்கள் என்று அதே மேடையில் ஒருவர் முழங்கினாரே, கேட்டீர்களா? கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அறுபது ஆண்டுக்கு முந்தைய மாணவர்களுக்குக் கைதட்டுகிறார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"நீ பிரச்சினையைப் பெரிதாக்குகிறாய், அந்தப் பெண்ணுக்குத்தான் சிக்கல் வரும்" என்று சிலர் எச்சரிக்கிறார்கள். ஒரு மாணவியிடமிருந்து ஒலிவாங்கியைப் பறித்ததைத் தவறென்று சொன்னால் அவளுக்கே சிக்கல் வரும் என்றால், அந்தக் கல்லூரியைப் பற்றி நான் சொன்னதைவிட மோசமாக நீங்களே சொல்லிவிட்டீர்கள். அவள் பெயரை நான் எங்கும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

வரும் திங்கட்கிழமை முன்னாள் மாணவர்கள் சிலர் முதல்வரைப் பார்க்கப் போகிறோம். இரண்டு பணிமுறைக்கும் கால அட்டவணைக்குள்ளேயே வாரத்தில் ஒரு மணி நேரம் மன்றத்துக்கு வேண்டும், செயலாளர்களை மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும், கணக்கு நோட்டு அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறோம். வர முடிகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். முதல்வர் பத்தரைக்கு வருவார், பத்து மணிக்கே வாசலில் கூடிவிடலாம்.