மெட்ரோபோலிஸ் கதவடைப்பு வெறும் பேரச் சண்டை இல்லை
அமெரிக்காவின் மெட்ரோபோலிஸில் ஹனிவெல் நிர்வாகம் தொழிலாளர்களை ஆலைக்குள் விடாமல் நடத்திய கதவடைப்பைப் பற்றி எழுதிய நீங்கள், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு பற்றிச் சங்கத்தோடு நடந்த பேரம் முறிந்ததுதான் காரணம் என்று கட்டுரையை முடித்துவிட்டீர்கள், அது பாதிக் கதைதான். இல்லினாய் மாநிலத்து மெட்ரோபோலிஸில் அப்போது ஹனிவெல் கையில் இருந்த அந்த ஆலை, அணு எரிபொருளுக்கு வேண்டிய யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு தயாரிக்கிற இடம், அங்கே புழங்குகிற ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற அரிக்கும் ரசாயனம் தோலில் பட்டால் சதையோடு நிற்காது, எலும்பு வரைக்கும் போகும். அப்படிப்பட்ட இடத்தில் 2010 ஜூனில் 200க்கும் மேற்பட்ட அனுபவசாலிகளை வெளியே நிறுத்திவிட்டு மாற்று ஆட்களை வைத்து ஆலையை ஓட்டப் பார்த்தது நிர்வாகம். செப்டம்பரில் ஹைட்ரஜன் வெடித்தது, ஊருக்கே சத்தம் கேட்டது. எந்த வால்வு எப்போது மக்கர் பண்ணும் என்பது வருஷக்கணக்கில் அதில் கை வைத்தவனுக்குத்தான் தெரியும், அவசரப் பயிற்சியில் அது வராது. அப்புறம், புற்றுநோயில் இறந்த சக தொழிலாளர்களுக்காகச் சங்கத்துக்காரர்கள் வரிசையாகச் சிலுவைகள் நட்டு வைத்தார்களே, அதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டாமா?