சாமி படம்னா எந்தத் தாளிலும் அடிச்சுடலாமா?

சாமி படங்களுக்கு நாமே நிறம் தீட்டுகிற புத்தகம். 'பெரியவர்களுக்கான பக்தி வண்ணப் புத்தகம்' என்று அட்டையில் போட்டு 350 ரூபாய் வாங்குகிறார்கள். உள்ளே இருப்பது ஜெராக்ஸ் கடைத் தாள். அதிலும் இரண்டு பக்கமும் அச்சு! முருகனின் மயில் தோகைக்கு ஸ்கெட்ச் பேனாவால் நீலம் கொடுத்தால், பின்பக்கத்துப் பிள்ளையார் நெற்றியில் அது திட்டுத்திட்டாக ஊறி நிற்கிறது. வயிறு எரிகிறது எனக்கு.

பூவோ வீடோ என்றால் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். சாமி முகம் இருக்கிற தாளை யார் கசக்கி எறிவார்கள்? பழைய காலண்டரைக்கூடக் குப்பையில் போட மனசு வராமல் கோயில் மரத்தடியில் கொண்டுபோய் வைக்கிறவர்கள் நாம். என் மாமியார் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போனவர். முட்டி தேய்ந்த பிறகு, உட்கார்ந்த இடத்தில் இதைத்தான் செய்கிறார். ஒவ்வொரு கட்டத்தை நிரப்பும்போதும் வாய் "முருகா, முருகா" என்று முணுமுணுக்கும். அவருக்கு இது பொழுதுபோக்கு இல்லை. நீலம் ஊறிய அந்தப் பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டார் பாருங்கள், அப்போது வந்தது கோபம். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் காசு மிச்சம் பிடிக்க அந்தத் தாளில் அச்சடித்தவன்!

சரி, கையில் தொட்டுப் பார்த்து வாங்கலாம் என்று கோயம்புத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். "குழந்தைக்குங்களாக்கா?" என்றார் கடைக்காரர். மாமியாருக்கு என்றதும் ஒரு சிரிப்பு. புத்தகம் பிளாஸ்டிக் உறைக்குள். பிரிக்கக் கூடாதாம். என்ன தாள் என்று கேட்டால், "அதெல்லாம் யாரும் கேக்கறதில்லீங்க்கா." எழுதியிருந்தால்தானே கேட்காமல் தெரிந்துகொள்ள முடியும்?

அங்கே வாங்கிய புத்தகத்தில் வேறு கூத்து. வழவழவென்று ஆர்ட் பேப்பர். பார்க்கப் பளபளப்பு, கலர் பென்சில் பிடிக்கவே பிடிக்காது. தாளில் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் முனை உரசி நிறம் ஒட்டும். இதில் வழுக்குகிறது, அழுத்தினால் முனை உடைகிறது. பென்சிலா, ஸ்கெட்ச் பேனாவா, வாட்டர்கலரா என்பதை வைத்துத்தானே தாளே. பேனாவுக்கு 150 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு) ஆவது இருந்தால் நிம்மதி. வாட்டர்கலர் என்றால் 300. ஸ்பிரிட் மார்க்கருக்குக் கனமான தாள்கூடப் பெரும்பாலும் தாங்காது, பின்பக்கம் வெறுமையாக இருந்தே ஆக வேண்டும். இதையெல்லாம் அட்டையில் ஒரே வரி போட என்ன கேடு?

பென்சில் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் 'ஸ்கின் கலர்' என்று ஒன்று, வெளிறிய ரோஸ். எங்கள் காவல் தெய்வம் கருப்பராயனுக்கு அந்த நிறமா? காவியும் பழுப்பும் லேசாக, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினால்தான் நம்மூர் முகம் வருகிறது. 12 பென்சில் பெட்டியில் பழுப்பு ஒன்றே ஒன்று! கருப்பராயன் படம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது தனி வயிற்றெரிச்சல். அத்தைக்கு நானே வரைந்து கொடுத்தேன்.

எல்லாவற்றையும் மிஞ்சியது அர்த்தநாரீஸ்வரர். அம்மைக்கு இடப்பாகம் என்பது திருச்செங்கோட்டு மலை ஏறிக் கும்பிட்ட சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவர்கள் படத்தில் வலப்பக்கம் சேலை, இடப்பக்கம் புலித்தோல். யாரோ கணினியில் படத்தை இடவலம் புரட்டிவிட்டான், ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அத்தை அந்தப் பக்கத்தைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார்.

அடுத்த பதிப்பு அடிக்கப் போகிறவர்களே, ஒரு சிற்பியிடமோ பூசாரியிடமோ படங்களைக் காட்டிவிட்டு அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடியுங்கள். 50 ரூபாய் கூடினாலும் தருகிறோம்.