ஐந்து என்று எழுதிக்கொண்டார்கள்

போன ஆண்டு அம்மாவுக்கு விலாவில் அக்கி வந்தது. கொப்புளங்கள் மூன்று வாரத்தில் காய்ந்துவிட்டன. வலி மட்டும் போகவில்லை. மருத்துவமனையில் செவிலியர் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, ஒன்றிலிருந்து பத்துக்குள் உங்கள் வலிக்கு எவ்வளவு போடலாம்?" அம்மா என் முகத்தைப் பார்த்தார். யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது என்றே வாழ்ந்தவர். "ஐந்து போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். ஐந்து என்று எழுதிக்கொண்டார்கள். வழக்கமான வலி மாத்திரையோடு வீட்டுக்கு வந்தோம். இரண்டு மாதம் அவர் சரியாகத் தூங்கவில்லை.

பிறகு பார்த்த வயதான மருத்துவர் எண் எதுவும் கேட்கவில்லை. "எப்படி வலிக்கிறது, சொல்லுங்கம்மா" என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடிவைத்தார். அம்மா சொன்னார்: "திகுதிகுவென்று எரிகிறது. நடுநடுவே சுரீர் என்று இழுக்கிறது. சேலை உரசினாலே உயிர் போகிறது. கையால் அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் தேவலை." மருத்துவருக்கு அது போதுமாக இருந்தது. அக்கிக்குப் பின் தங்கிவிடும் நரம்பு வலி. வழக்கமான வலி மாத்திரைக்கு அது அவ்வளவாக மசியாது, அதற்கான மருந்தே வேறு. அந்த மருந்து வரை எங்களைக் கொண்டு சேர்த்தவை அம்மாவின் சொற்கள்தான். அதே சொற்கள் இரண்டு மாதம் முன்பும் அவரிடம் இருந்தன.

அன்றிலிருந்து வலிக்கு நாம் வைத்திருக்கும் சொற்களைக் கவனித்துவருகிறேன். மூட்டில் குடைச்சல். நாள் முழுவதும் நின்றவரின் காலில் உளைச்சல். சிறுநீர் கழிக்கையில் கடுப்பு. பழுத்த கட்டி விண்விண் என்று தெறிக்கிறது, கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்கிறது, உட்கார்ந்தே இருந்தால் கால் மதமதத்துப் போகிறது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. குடைச்சல் என்ற சொல்லுக்குள் மரத்தைத் துளைக்கும் வண்டு இருக்கிறது. விண்விண் என்ற இரட்டைக்கிளவியைப் பிரித்தால் அந்தப் பொருள் நிற்காது. நாடி அடிக்கும் தாளம் அப்படியே அதில் ஏறியிருக்கிறது.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வினாப்பட்டியலில், வலியைச் சொல்லும் 78 சொற்கள் 20 தொகுதிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வலிக்கு அளவு மட்டும் இல்லை, தன்மையும் உண்டு என்பதுதான் அதன் அடிப்படை. நேற்றைக்கு இன்று குறைந்திருக்கிறதா என்று பார்க்க எண் உதவும், மறுக்கவில்லை. என்ன வலி என்பதை அது சொல்லாது. நம் பாட்டிமார் அப்படியொரு பட்டியலை நாவிலேயே வைத்திருந்தார்கள். உட்கார்ந்து கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஆனால் சொல் எல்லாவற்றையும் கொண்டுவந்து தந்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. தொல்காப்பியப் பொருளியலில் ஒரு நூற்பா நாணம், நோய், வேட்கை என்று சிலவற்றை அடுக்கி, இவை 'நெஞ்சு கொளின் அல்லது காட்டல் ஆகாப் பொருள' என்கிறது: நெஞ்சால் உணரலாமே தவிர எடுத்துக் காட்ட முடியாதவை. அங்கே நோய் காதல் நோய்தான். அம்மாவின் விலாவுக்கும் அது பொருந்தியது. 'திகுதிகு' என்றபோது எனக்குப் புரிந்தது, எப்போதோ நான் கையைச் சுட்டுக்கொண்ட நெருப்பு. அவருடைய நெருப்பு அது இல்லை.

சொல்லவே முடியாதவர்கள் நிலை இதைவிடக் கொடியது. 1980களில்கூட மேலை நாடுகளில் பல இடங்களில் பச்சிளம் குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்கம் இல்லாமலே அறுவை சிகிச்சை செய்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கே. ஜே. எஸ். ஆனந்தும் சகாக்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வுதான் பலருடைய கண்ணைத் திறந்தது. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1979இல் தந்த வரையறையில் வலியை 'விவரிப்பது' பற்றிய ஒரு தொடர் இருந்தது. பேச இயலாதவர்களை அது வெளியே நிறுத்துகிறது என்ற குறை எழுந்தது. 2020இல் அதை நீக்கினார்கள். சொல்ல முடியாமை வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது என்ற குறிப்பும் வரையறையோடு இருக்கிறது. அந்தத் தொடரை எடுக்க 41 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

எண் கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி, எப்படி வலிக்கிறது என்று கேளுங்கள். மருத்துவர்களிடமும், வீட்டில் முதியவர் இருக்கும் எல்லோரிடமும் நான் வேண்டுவது இதைத்தான். பதில் வராவிட்டாலும் வலியை நம்புங்கள்.

அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை. சில இரவுகளில் மட்டும் எழுந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பை விலாவில் படாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருப்பார். என்னவென்று கேட்டால் "சொல்லத் தெரியவில்லை" என்பார். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.