பெயர்ப்பலகையில் 1611

டெக்சாஸில் இருக்கும் அத்தை மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு கோயிலுக்குப் போனேன். நெடுஞ்சாலை ஓரத்தில் குடோன் மாதிரி ஒரு கட்டடம். கோபுரம் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. பலகையில் பாப்டிஸ்ட் சபை என்று பெயர், அதன் கீழே 'இண்டிபெண்டன்ட், ஃபண்டமென்டல்', அதற்கும் கீழே 'கிங் ஜேம்ஸ் 1611'. அது 1611ல் வந்த ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பின் பெயர்; இங்கே அது மட்டும்தான் என்று அர்த்தம். நம் பக்கம் அடிப்படைவாதி என்றால் வசவு. இவர்கள் அதைப் பெருமையாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். 1920ல் அந்தச் சொல்லை உருவாக்கியவரே கர்டிஸ் லீ லாஸ் என்ற பாப்டிஸ்ட் பத்திரிகை ஆசிரியர்தான்.

ஊர் திரும்பியதும் சித்தி கேட்ட முதல் கேள்வி, "பெந்தெகொஸ்தேயாப்பா?" தண்ணீரில் முக்கி எடுத்தாலே பெந்தெகொஸ்தே என்பது நம் ஊர்க் கணக்கு. இல்லை சித்தி. ஆவியில் நிறைந்து அந்நிய பாஷை பேசுவதை இவர்கள் ஏற்பதில்லை. அந்த வரம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டது என்பார்கள். டிரம்ஸ் கிடையாது, கைதட்டல் கிடையாது. ஒரு பியானோ, பாட்டுப் புத்தகம், ஒரு மணி நேரப் பிரசங்கம், அவ்வளவுதான்.

அப்படியானால் யார் இவர்கள்? சுதந்திர பாப்டிஸ்ட்கள். அப்படியென்றால் என்ன என்று என்னைக் கேட்டால் ஒரே வரிதான்: இவர்களுக்கு மேலே யாரும் கிடையாது. பேராயர் இல்லை, சினட் இல்லை, தலைமையகம் இல்லை. பாஸ்டரை அழைப்பதும் அனுப்புவதும் அந்தச் சபையாரின் ஓட்டு. பதவி இரண்டே: பாஸ்டர், உதவிக்காரர். நியமம் இரண்டே: ஞானஸ்நானம், இராப்போஜனம். இரண்டுமே இரட்சிப்பைத் தராது, இரட்சிப்பு விசுவாசத்தால் மட்டும். ஒருமுறை கிடைத்தால் அது போகவும் போகாது. விசுவாசம் பிறப்பில் வருவதில்லை என்பதால் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. கோயில் சுவரில் ஒரு உலக வரைபடம், அதைச் சுற்றி மிஷனரிக் குடும்பங்களின் படம் போட்ட ஜெப அட்டைகள். தலைமையகம் இல்லாததால் மிஷனரிக்குச் சம்பளம் போடவும் ஆளில்லை. இரண்டு மூன்று வருஷம் சபை சபையாக ஏறி இறங்கி, இங்கே மாதம் ஐம்பது டாலர், அங்கே நூறு டாலர் என்று சேர்த்துக்கொண்டுதான் கப்பலேற வேண்டும். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் யார் காசில் யார் போகிறார் என்பது அந்தச் சபையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது.

இதன் வேர் அமெரிக்காவில் இல்லை. இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையிலிருந்து பிரிந்து ஹாலந்துக்கு ஓடிப்போன ஒரு கூட்டம், 1609ல் ஆம்ஸ்டர்டாமில், விசுவாசித்தவர்களுக்கே ஞானஸ்நானம் என்று புதிதாகத் தொடங்கியது. தலைவர் ஜான் ஸ்மித். கூட இருந்த தாமஸ் ஹெல்விஸ் சட்டம் படித்தவர். ஓடி ஒளிந்தது போதும் என்று லண்டனுக்குத் திரும்பிவந்து சபை கூட்டினார். 1612ல் ஒரு புத்தகம் போட்டு, அதன் பிரதி ஒன்றில் ராஜாவுக்கே தன் கைப்பட எழுதினார்: ராஜா சாகப்போகிற மனிதன், கடவுள் அல்ல, குடிமக்களின் ஆத்துமா மேல் அவருக்கு அதிகாரம் இல்லை. புத்தகத்துக்குள் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஒருவன் வேதப்புரட்டனோ, துருக்கனோ, யூதனோ, யாராக இருந்தாலும் அதற்காக அவனைத் தண்டிப்பது அரசின் வேலை அல்ல. 1612ல்! ஹெல்விஸ் நியூகேட் சிறையில் போய்ச் செத்தார். அவர் எழுதியது எந்த ராஜாவுக்கு? முதலாம் ஜேம்ஸுக்கு. ஆமாம், பலகையில் இருக்கிற அதே ஜேம்ஸ்.

இதை அத்தை மகனிடம் சொன்னேன். "அத்தான், பைபிள் ராஜாவோடது இல்ல, கர்த்தரோடது" என்றான். சரி, நல்ல பதில்தான். ஆனால் ராஜாவின் கை அதில் இருக்கிறதே. மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கொடுத்த விதிகளில் மூன்றாவது, பழைய திருச்சபைச் சொற்களை மாற்றக் கூடாது என்பது. அதற்கு முன்பே பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்த டிண்டேல் 'கூடிய மக்கள்' என்ற பொருளில் போட்ட சொல்லை எடுத்துவிட்டு 'சர்ச்' என்றே போட வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தது. சபை என்றால் ஓரிடத்தில் கூடும் விசுவாசிகள் மட்டுமே என்று உயிரை விட்டவர்களின் பேரப்பிள்ளைகள், அந்தப் பொருளைத் தடுத்த மொழிபெயர்ப்பைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டேன் என்கிறார்கள். நம் தமிழ் வேதாகமம் 'சபை' என்று சொல்லிவிட்டுப் போகிறது. 'பிஷப்' வர வேண்டிய இடத்தில் 'கண்காணி'. இந்த இரண்டிலும் நம் வேதாகமம் கிங் ஜேம்ஸைவிடப் பெரிய பாப்டிஸ்ட்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வங்காள மொழிபெயர்ப்பில் பாப்டிஸ்ட் மிஷனரிகள் ஞானஸ்நானத்துக்கு 'முழுக்கு' என்று பொருள்படும் சொல்லைப் போட்டார்கள். அமெரிக்க வேதாகமச் சங்கம் அதற்குப் பணம் தர மறுத்தது. பாப்டிஸ்ட்கள் கோபித்துக்கொண்டு 1836ல் தங்களுக்கென்று தனிச் சங்கமே தொடங்கினார்கள். மூலத்தில் உள்ளது உள்ளபடி வர வேண்டும், பழக்கம் முக்கியமல்ல என்பது அன்றைய வாதம். இன்று 1611 என்று எழுதுகிறவர்கள் கையில் இருப்பதோ பெரும்பாலும் 1769ல் திருத்திய பதிப்பு. (எல்லாச் சுதந்திர பாப்டிஸ்ட்களும் கிங் ஜேம்ஸ் மட்டும் என்பவர்கள் அல்ல. ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் சத்தமாகச் சொல்கிறார்கள்.)

சரி, 1611 வெறும் பலகை விஷயம். எனக்கு உறுத்துவது வேறு. 'மேலே யாரும் இல்லை' என்பது சபையாரின் சுதந்திரமாகத் தொடங்கி, பல இடங்களில் பாஸ்டரின் சுதந்திரமாக முடிந்துவிட்டது. ஜே. ஃபிராங்க் நாரிஸையே பாருங்கள். தெற்கு பாப்டிஸ்ட் அமைப்பைச் சர்வாதிகாரம் என்று திட்டித் திட்டியே இந்தச் சுதந்திர இயக்கத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர். 1935லிருந்து டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்திலும் வடக்கே டெட்ராய்ட்டிலும் ஒரே நேரத்தில் பாஸ்டர். நடுவே ஆயிரம் மைலுக்கு மேல். பேராயர் கூடாது என்றவர் செய்தது பேராயர் வேலை இல்லையா? 1926ல் தன் அலுவலகத்துக்குள் வந்த ஒருவரைச் சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்று நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்குப் பிறகும் பிரசங்க பீடம் அவருடையதுதான். கடைசியில் அவர் போக்குப் பிடிக்காமல் 1950ல் கூட இருந்தவர்களே பிரிந்துபோய்த் தனிக் கூட்டமைப்பு தொடங்கினார்கள்.

2018ல் அதே ஃபோர்ட் வொர்த்தின் நாளிதழ் சுதந்திர பாப்டிஸ்ட் சபைகளைப் பற்றி ஒரு புலனாய்வு வெளியிட்டது. நானூறுக்கும் மேற்பட்ட பாலியல் அத்துமீறல் புகார்கள், கிட்டத்தட்ட இருநூறு சபைகள். ஓரிடத்தில் பேர் கெட்ட ஊழியக்காரர் சத்தமில்லாமல் இன்னொரு மாநிலத்துச் சபைக்குப் போய்விட முடிந்திருக்கிறது. பிஷப்மார் உள்ள சபைகளில் நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்தது. அங்கே மூடி மறைக்க ஒரு அலுவலகம் இருந்தது. இங்கே புகார் கொடுக்க ஒரு அலுவலகம் இல்லை. 'தேவனால் அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே' என்று வசனம் காட்டிச் சபையாரின் வாயை அடைத்த பிறகு, ஹெல்விஸ் ராஜாவிடம் சொன்னதை இந்தப் பாஸ்டரிடம் யார் சொல்வது?

ஆனாலும் இந்தக் கொள்கை செத்துவிட்டது என்று என்னால் எழுத முடியவில்லை. அந்தப் புதன்கிழமை ஜெபக் கூட்டம் முடிந்ததும் சபைக் கூட்டம் நடந்தது. கூரை ஒழுகுகிறது, புது ஓடு போட வேண்டும், இவ்வளவு ஆகும் என்று பாஸ்டர் ஒரு தொகையைச் சொன்னார். பின்வரிசையில் ஒரு பாட்டி எழுந்தார். பெண்கள் சபையில் போதிக்கக் கூடாது என்று நம்புகிறவர்கள் இவர்கள். கூரைக் கணக்கு கேட்பது போதனையில் வராதுபோல. "ஒரே ஆளிடம்தான் விலை கேட்டீர்களா, பாஸ்டர்? மற்ற இரண்டு கொட்டேஷன் எங்கே?" என்றார். யாரும் திரும்பி முறைக்கவில்லை. பாஸ்டர் லேசாகச் சிரித்துவிட்டு, கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டு, ஃபைலை எடுத்துவர அலுவலக அறைக்குப் போனார். ஓட்டெடுப்பு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.