குறைவது மட்டுமன்று, மாறுவதும் உண்டு
வறட்சியில் பயிரின் வேர்ச் சுரப்பு (வேர் மண்ணில் கசியவிடும் சர்க்கரை, அமிலம் போன்ற பொருள்கள்) குறைந்துவிடும் என்று நான் படித்த கட்டுரை ஒன்று ஒரே வரியில் முடித்திருப்பது வருத்தமளிக்கிறது. ஒளிச்சேர்க்கை தளரும்போது செடி வேர் வழியே வெளியிடும் மொத்தக் கரிமம் (கார்பன்) குறையலாம். ஆனால், ஒரு கிராம் வேருக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் அது கூடுவதும் உண்டு, அதைவிட முக்கியமாகச் சுரப்பின் கலவையே மாறுகிறது. கலிபோர்னியாவில் சோளப் பயிரில் (மக்காச்சோளம் அன்று) நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், வறட்சியின்போது வேரில் கிளிசரால்-3-பாஸ்பேட் என்னும் வேதிப்பொருள் பெருகியதும், தடித்த செல்சுவர் கொண்ட ஆக்டினோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர் வகைகள் வேரில் மிகுந்ததும், நீர் பாய்ச்சியபின் அந்நிலை விரைவில் மாறியதும் பதிவாகியுள்ளன. வேர் நுனியின் பசைப்பொருளையும் கட்டுரை தொடவேயில்லை: ஈரத்தைப் பிடித்து வைக்கும் அதே பசை, முற்றிலும் காய்ந்தபின் எளிதில் நனையாமல், அடுத்துக் கிடைக்கும் நீர் வேரைச் சேர்வதைத் தாமதப்படுத்தக்கூடும்.